எம்2 வாங்கப் போகிறேன்: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

கேள்வி: சாட்ஸ்வொர்த் ஓட்டுநர், டர்பன், தென்னாப்பிரிக்கா

அனைவருக்கும் வணக்கம்.

பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, 2023ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. எம்2 ஒன்றைப் பழைய வண்டியாக வாங்க முடிவு செய்திருக்கிறேன். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் ஆறு கியர் மேனுவல், மற்றதில் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். ஓடிய தூரமும் விலையும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டிலும் அதே மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ எஞ்சின். அதே 338 கிலோவாட் திறன். அதே 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஆகவே கியர் பெட்டி ஒன்றுதான் நான் தீர்மானிக்க வேண்டியது. மூன்று வாரங்களாக அதைத்தான் தீர்மானிக்க முடியாமல் இருக்கிறேன்.

வண்டி எப்படிப் பயன்படும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஐந்து நாள் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஹிக்கின்சன் நெடுஞ்சாலை வழியாக என்2 தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து உம்லாங்காவிலுள்ள அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். மாலையில் திரும்பும்போது பாதித் தூரம் ஊர்ந்துதான் வர வேண்டும். மாதம் ஒருமுறை ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலுள்ள அக்கா வீட்டுக்கு என்3 வழியாகப் போவோம். ஒரு வழிக்கு 570 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கியாலாமி பந்தயத் தடத்தில் ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

நான் வண்டி ஓட்டக் கற்றது அப்பாவின் நிஸான் 1400 பக்கியில் (பின்னால் சரக்கு ஏற்றும் சிறு வண்டி). விடியற்காலையில் கிளேர்வுட் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு சாட்ஸ்வொர்த்திலுள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு வரும் வண்டி அது. கியர்த் தண்டின் தலையிலிருந்த எண்கள் அப்பாவின் உள்ளங்கை பட்டுத் தேய்ந்து முற்றிலும் அழிந்துபோயிருந்தன. "கியரில் கை வைப்பதற்கு முன்னால் எஞ்சின் என்ன கேட்கிறது என்று கேள்" என்பார். அந்தப் பழக்கம் இன்றும் என்னை விடவில்லை. ஆனால் மனம் கேட்பதற்காக மட்டும் இவ்வளவு பணத்தைப் போடலாமா என்ற தயக்கம் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: லெனேசியா மெக்கானிக்

தம்பி, இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கியர் பெட்டிகளைக் கழற்றி மாட்டுவதே என் தொழில். ஆட்டோமேட்டிக் என்றால் மந்தமான வண்டி என்ற எண்ணம் நம் ஆட்களிடையே இன்னும் இருக்கிறது. அது மூன்று, நான்கு கியர் மட்டுமே இருந்த பழைய பெட்டிகளைப் பார்த்து உண்டான எண்ணம். எம்2இல் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி. 2009இல் முதன்முதலாக வந்த அந்தக் குடும்பத்துப் பெட்டிகளைத்தான் டொயோட்டா சுப்ராவிலும், ஃபோக்ஸ்வாகன் அமரோக் வி6 பக்கியிலும்கூட வைத்திருக்கிறார்கள். அதனுள்ளே நான்கு கோள் பல்சக்கரத் தொகுதிகளும் (நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் ஓடும் அமைப்பு), அவற்றைப் பிடித்தும் விட்டும் கியரை உண்டாக்கும் ஐந்து பிடிப்புகளும் இருக்கின்றன. எந்தக் கியரிலும் மூன்று பிடிப்புகள் பிடித்திருக்கும், இரண்டு மட்டுமே விட்டிருக்கும். விட்டுக் கிடக்கும் பிடிப்புகளின் தட்டுகள் எண்ணெயில் உரசித்தான் சக்தி வீணாகும் என்பதால், அவற்றின் எண்ணிக்கையை இப்படிக் குறைத்தது பெரிய காரியம். அடுத்த கியருக்குப் போக ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்தால் போதும்; அது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இதற்கு முந்தைய எம்2இல், ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று என இரண்டு கிளட்ச்களைக் கணினியே இயக்கும் இரட்டை கிளட்ச் பெட்டி இருந்தது. இப்போதைய வண்டியில், எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வந்தபோது, பின்னோக்கிப் போய்விட்டார்கள் என்று பலர் குறைப்பட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வண்டி நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது கன்வர்ட்டர் எஞ்சினின் முறுக்குவிசையைப் பெருக்கிக் கொடுக்கும்; நகரத் தொடங்கிய பிறகு உள்ளிருக்கும் லாக்-அப் கிளட்ச் பிடித்துக்கொண்டு, எஞ்சினும் பெட்டியும் நேரடியாக இணைந்ததுபோல் ஓடும். நீர் மாலையில் என்2இல் ஊர்ந்து வருவதாகச் சொல்கிறீரே, அந்த ஊர்தலில் தேய்வதற்கு அங்கே எதுவும் இல்லை, எண்ணெய்தான் வேலை செய்கிறது.

இன்னொரு விஷயத்தையும் கடற்கரையில் இருப்பவர்கள் மறந்துவிடுவார்கள். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ உள்ள எஞ்சின் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும், ஆனால் அதற்காக டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும் என்பதால், காலை அழுத்தியதற்கும் இழுவை வருவதற்கும் இடையிலுள்ள நேரம் சற்று நீளும். மேனுவலில் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் ஆக்சிலரேட்டரை விடுகிறீர். டர்போவின் அழுத்தம் இறங்கி மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. ஆட்டோமேட்டிக் அழுத்தத்தை விடாமலே கியரை மாற்றிவிடும். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆட்டோமேட்டிக்குக்கு 4.1 நொடியும் மேனுவலுக்கு 4.3 நொடியும் ஆகும் என்று நிறுவனமே சொல்கிறது. எங்கள் மேட்டுநிலத்தில் ஓட்டிப் பாரும், அந்த இடைவெளி காலில் தெரியும்.

ஆட்டோமேட்டிக்கை வாங்கினால் ஒன்றைச் செய்யும். "வாழ்நாள் எண்ணெய், மாற்ற வேண்டியதில்லை" என்று யாராவது சொன்னால் கேட்காதீர். பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. வடிகட்டி அடித்தட்டோடு சேர்ந்தே வருவதால் இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். நான் வாங்குவதாக இருந்தால் ஆட்டோமேட்டிக்கைத்தான் வாங்குவேன்.

பதில்: மாரிட்ஸ்பர்க் ஆசிரியை

மெக்கானிக் அண்ணன் சொன்ன ஒவ்வொரு தகவலும் சரியானதே. அவர் எட்டிய முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் 2006ஆம் ஆண்டின் கோல்ஃப் ஜி.டி.ஐ. வைத்திருக்கிறேன், ஆறு கியர் மேனுவல், 147 கிலோவாட். அதே வண்டியில் அன்றைக்கே டி.எஸ்.ஜி. என்ற இரட்டை கிளட்ச் பெட்டியும் கிடைத்தது, அதுதான் வேகமானது என்பதும் தெரிந்தே இதை வாங்கினேன். ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு டவுன் ஹில் இறக்கத்தில் தினமும் வருகிறேன். பனிமூட்டமான காலைகளில், முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டுமே தெரியும்போது, ஐந்திலிருந்து நான்குக்கு, நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்க வேண்டும். வலது காலின் முன்பாதம் பிரேக்கில் இருக்கும். அதே பாதத்தின் வெளிவிளிம்பால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் எஞ்சின் "ம்ம்" என்று மேலே எழும். அந்த நொடியில் கிளட்சை விட்டால் வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் அடுத்த கியரில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரேக்கைச் சூடேற்றாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ள எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. இத்தனை ஆண்டுகள் கழித்தும், சரியாக அமைகிற காலையில் பள்ளிக்குப் போய்ச் சேரும் வரை அந்த மகிழ்ச்சி கூடவே வருகிறது.

ஆட்டோமேட்டிக்கிலும் கையால் கியரை இறக்கலாம் என்பார்கள். இறக்கலாம்தான். ஆனால் ஸ்டீயரிங்கின் பின்னாலுள்ள பேடில் என்ற நெம்புகோலை இழுத்தால் கணினி அந்த வேலையைச் செய்து முடித்துவிடுகிறது. நாம் கேட்டது நடந்தது என்பதைத் தவிர நமக்கு அதில் பங்கில்லை.

அந்த 0.2 நொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்2 மேனுவல் இரண்டாம் கியரிலேயே 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நம் நெடுஞ்சாலைகளின் உச்ச வரம்பு 120. சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டுகிறவருக்கு இந்த எஞ்சினின் முழு வலிமை சில நொடிகளுக்கு மேல் கிடைக்கப் போவதில்லை. அந்தச் சில நொடிகளை இன்னும் சுருக்குவதற்காக, வண்டியில் கழிக்கும் மற்ற எல்லா மணி நேரங்களின் இன்பத்தையும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

நம் ஊரில் பிறந்தவர் ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். 1946இல் டர்பனில் பிறந்து, அங்கே தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, தன் முதல் பந்தய வண்டியைத் தானே செய்து ஓட்டிய கோர்டன் மரே, பின்னர் மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்தார். 1998இல் மணிக்கு 386 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட அந்த வண்டி ஆறு கியர் மேனுவல். 2020இல் அவர் வெளியிட்ட டி.50 காரில், நிமிடத்துக்கு 12,100 சுழற்சி வரை போகும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கும் ஆறு கியர் மேனுவலையே கொடுத்தார். எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் செய்துகொள்ளக்கூடிய ஒருவர் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள், சகோதரரே.

பதில்: ஸ்டாங்கர் வாசி

எம்2 பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் பல விதமான பெட்டிகள் விற்கப்படுகின்றன என்பதைப் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டவன் என்பதால் எழுதுகிறேன். நான் முன்பு வைத்திருந்த வண்டியில் எண்ணெயில் மூழ்காத, உலர் வகை இரட்டை கிளட்ச் பெட்டி. மின்வெட்டு மாலைகளில் ரோபோக்கள் (சாலைச் சிக்னல் விளக்குகள்) எல்லாம் அணைந்து, ஒவ்வொரு சந்திப்பிலும் மேட்டில் அரை அடி அரை அடியாக நகர வேண்டியிருந்தது. அப்படி ஊரும்போது அந்தப் பெட்டி உள்ளுக்குள் அரை கிளட்சில்தான் நின்றுகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்துவிட்டுக் காத்திருக்காமல் நான் அதை ஊரவிட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாம் மாதம் கியர் பெட்டி சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை வந்து, நடுச்சாலையில் நின்றுவிட்டது. டார்க் கன்வர்ட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. மேனுவலிலும் இதே தவற்றைச் செய்தால் கிளட்ச் போகும், ஆனால் அது கருகும் வாடை மூக்குக்கு முதலிலேயே தெரிந்துவிடும்.

பதில்: சாட்ஸ்வொர்த் ஓட்டுநர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மெக்கானிக் அண்ணா, எண்ணெய் பற்றி நீங்கள் சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டேன். டீச்சர் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரே பாதத்தால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மிதிக்கும் இடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

முதலில் சொல்ல மறந்த ஒன்று இருக்கிறது. என் மனைவி ஆட்டோமேட்டிக் வண்டியில் சோதனை கொடுத்துத் தேறியவர். ஆகவே அவருடைய உரிமத்தில் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம் என்ற கட்டுப்பாடு அச்சிடப்பட்டிருக்கிறது. அன்றாடம் அவருக்குத் தனி வண்டி உண்டு. ஆனால் லெனேசியா பயணத்தில் ஹாரிஸ்மித்துக்குப் பிறகு அவர்தான் ஓட்டுவார்; வான் ரீனன் கணவாயை ஏறி முடிப்பதற்குள் எனக்குத் தோள்பட்டை இறுகிவிடும். மேனுவலை வாங்கினால் முழுத் தூரத்தையும் நான் ஒருவனே ஓட்ட வேண்டும், நான் களைத்தால் மாற்றுக்கு ஆள் இல்லை. இது சிறிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

பதில்: மிட்ராண்ட் பயிற்றுநர்

கியாலாமியில் சொந்த வண்டியோடு வருகிறவர்களுக்கு அருகில் அமர்ந்து பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில், தடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டீச்சர் கோர்டன் மரேயை எடுத்துக்காட்டினார். அதே டி.50 காரின் தடப் பதிப்புக்கு அவர் கொடுத்தது ஸ்டீயரிங்கின் பின்னால் பேடில் வைத்த ஆறு கியர் பெட்டி. சாலைக்கு மேனுவல், தடத்துக்குப் பேடில் என்று அவரே பிரித்துவிட்டார். போர்ஷே நிறுவனம் 2013இல் 911 ஜி.டி.3 காரை இரட்டை கிளட்ச் பெட்டியோடு மட்டும் கொண்டுவந்து, 2017இல் அதே காருக்கு மேனுவலையும் திரும்பக் கொடுத்தபோதும் நடந்தது இதுதான்: நேரத்தைத் துரத்துகிறவர் ஒன்றை எடுத்தார், ஓட்டுவதற்காகவே ஓட்டுகிறவர் மற்றதை எடுத்தார். அவரவர் தேவை அது.

இப்போதைய கியாலாமி தடம் 4.522 கிலோமீட்டர், 16 வளைவுகள். மைன்ஷாஃப்ட் என்ற இடத்தில் தடம் சரிவாகக் கீழே விழும்; அதன் அடியில் வண்டியின் எடை முழுவதும் முன்சக்கரங்களுக்குப் போகும்படி பிரேக் பிடித்துத் திருப்ப வேண்டும். புதிதாக வருகிறவர் அந்த இடத்தில் ஸ்டீயரிங்கைப் பார்ப்பாரா, பிரேக்கைப் பார்ப்பாரா, கியரைப் பார்ப்பாரா? இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கிறவர் முதல் நாளிலேயே தடத்தின் கோட்டைக் கற்றுக்கொள்கிறார். மேனுவலோடு வருகிறவருக்கு அது மூன்றாம் நாளில்தான் கைவருகிறது. ஆனால் எம்2 மேனுவலில், கியரை இறக்கும்போது எஞ்சின் சுழற்சியைத் தானே ஏற்றிக்கொடுக்கும் வசதி இருக்கிறது, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். முதல் இரண்டு தட நாள்களுக்கு அதை இயக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பிறகு அணைத்துப் பழகுங்கள்.

மேனுவலில் எனக்கு உண்மையாகவே அச்சம் தருவது ஒன்று உண்டு. நான்காம் கியரிலிருந்து ஐந்துக்கு ஏற்ற நினைத்து மூன்றில் போட்டுவிடுவது, அல்லது ஐந்திலிருந்து நான்குக்கு இறக்க நினைத்து இரண்டில் போட்டுவிடுவது. ஆட்டோமேட்டிக்கில் கணினி அந்தக் கட்டளையை மறுத்துவிடும். மேனுவலில் மறுக்க யாருமில்லை. சக்கரங்கள் எஞ்சினை அதன் வரம்பைத் தாண்டிச் சுழற்றிவிடும், எரிபொருளை நிறுத்தியும் பயனில்லை. வால்வுகள் வளையும், சில நேரங்களில் எஞ்சினே போய்விடும். நீங்கள் வாங்குவது பழைய வண்டி என்பதால் இது உங்களுக்கு இரட்டிப்பு முக்கியம். கையொப்பமிடுவதற்கு முன், வெளியார் பட்டறை ஒன்றில் எஞ்சின் கணினியைப் படிக்கச் சொல்லி, அளவு மீறிய சுழற்சி எப்போதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கிளட்சையும் சோதியுங்கள்: நான்காம் கியரில் 2,000 சுழற்சி அளவில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால், வேகம் ஏறாமல் சுழற்சி மட்டும் தாவக் கூடாது. தாவினால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். இத்தனை முறுக்குவிசை உள்ள வண்டியில், கிளட்சோடு, அது பற்றிக்கொள்ளும் கனச் சக்கரமான ஃப்ளைவீலின் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஆண்டுக்கு நான்கு தட நாள்களுக்காக ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மற்ற 361 நாள்களைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

பதில்: லெனேசியா மெக்கானிக்

பயிற்றுநர் சொன்ன சுழற்சிப் பதிவை நானும் வலியுறுத்துகிறேன். தம்பி, துணைவியார் ஹாரிஸ்மித்துக்குப் பிறகு ஓட்டுகிறார் என்ற செய்தி என் கருத்தை இன்னும் உறுதியாக்குகிறது. இரவில் களைப்போடு என்3இல் லாரிகளுக்கு நடுவே வருவதைவிட வேறு எந்தக் கணக்கும் பெரிதல்ல. மேனுவலைத்தான் வாங்குவீர் என்றால், அவர் மேனுவல் வண்டியில் மறுபடி சோதனை கொடுத்து அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு வாங்கும்.

பதில்: சாட்ஸ்வொர்த் ஓட்டுநர்

அண்ணா, நீங்கள் எழுதியதை அப்படியே மனைவியிடம் காட்டினேன். "வண்டியைப் பேசி முடியுங்கள், சோதனையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். மேனுவல் வண்டியின் கணினியைப் படிக்க வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பதிவு சுத்தமாக இருந்தால் முன்பணம் கொடுப்பேன், இல்லையென்றால் ஆட்டோமேட்டிக்கை எடுப்பேன். மனைவி தேறும் வரை லெனேசியா பயணத்துக்கு அவருடைய வண்டியே போகும்.

அப்பாவின் பக்கி இன்னும் வீட்டில்தான் நிற்கிறது. நேற்று மாலை மனைவி ஓட்டிப் பழக அதைப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டு போனோம். அப்பா இப்போது வண்டி ஓட்டுவதில்லை, ஆனால் பக்கத்து இருக்கையை எனக்கு விட்டுத் தரவில்லை. "முட்டை மேல் கால் வைத்திருப்பதுபோல் கிளட்சை விடம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு முறை எஞ்சின் நின்றுபோனது. மூன்றாம் முறை பக்கி மெல்ல நகர்ந்து, முதல் கியரிலேயே மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இரண்டாம் கியரை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.